கையெழுத்திடுபவரும் மேசையில் இருப்பவரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் தொழிலைத் தொடங்குவது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். இதைப் பேசுவதற்குச் சென்னையைப் போலப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ ஆகிய மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் இங்கே வளர்ந்தவை. சோறு கொண்டுவந்து தரும் செயலியின் பெயர் வீட்டில் பாட்டி வரைக்கும் தெரியும். சார்ஜ்பீ என்ன செய்கிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பதில் கிடைக்காது. சந்தா வாங்கும் நிறுவனங்களுக்கு அந்தச் சந்தாவைக் கணக்கிட்டு, பில் போட்டு, வசூலுக்கு வழிசெய்து தருகிற மென்பொருள் அது. 2011இல் நான்கு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். வெளியே பெயர் தெரியாமல், இன்னொருவருடைய தொழிலுக்குள் புகுந்து வேலை செய்வது இத்துறையின் இயல்பு. அந்த இயல்பு பிடித்தவர்கள் மட்டும் இதற்குள் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது காசு கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. நிறுவனத்தில் அப்படி இல்லை. காசோலையில் கையெழுத்திடுபவர் முதலாளி, அல்லது நிதித் தலைவர். மென்பொருளைக் காலை முதல் மாலை வரை தொட்டுக்கொண்டிருப்பவர் கணக்காளர், ஸ்டோர் கீப்பர், வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்லும் இளைஞர். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் தங்கள் சிந்தனை முழுவதையும் முதலாமவரைச் சுற்றியே செலவிடுகிறார்கள். ஆனால் நிறுவனம் நிலைப்பதும் சாய்வதும் இரண்டாமவரால். முதலாண்டுக் கட்டணத்தை முதலாமவர் தருகிறார். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வருமா வராதா என்பதை இரண்டாமவர் தீர்மானிக்கிறார்.

இந்தத் துறையின் மூத்த வரலாறு ஒன்றைப் பாருங்கள். 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து ஐந்து பொறியாளர்கள் விலகினார்கள்: டீட்மார் ஹாப், ஹாஸோ பிளாட்னர், கிளவுஸ் வெல்லன்ராய்ட்டர், கிளவுஸ் சிரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர். அவர்கள் தொடங்கியதுதான் எஸ்ஏபி. முதல் வாடிக்கையாளர், ஓஸ்ட்ரிங்கன் என்ற சிற்றூரில் இருந்த ஐசிஐ நிறுவனத்தின் நைலான் ஆலை. அவர்களிடம் சொந்தக் கணினிகூட இல்லை. வாடிக்கையாளரின் கணினி ஓய்வாக இருக்கும் இரவுகளிலும் வார இறுதிகளிலும் அங்கேயே போய் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். அந்தக் காலத்தில் விவரங்களை அட்டைகளில் துளையிட்டுச் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாகக் கணினிக்குள் செலுத்துவார்கள். நடந்ததை நடந்தவுடனே திரையில் பதிய முடிய வேண்டும் என்பது இவர்கள் கனவு. ஓர் ஆலைக்கு எழுதியதை மற்ற ஆலைகளுக்கும் பொருந்தும் பொது மென்பொருளாக மாற்றி விற்பது இவர்கள் திட்டம்.

கணினி இல்லாதது அவர்களுக்கு வசதிக்குறைவு. அதுவே பெரும் லாபமாகவும் அமைந்தது என்று நான் கருதுகிறேன். ஆலைக்குள்ளேயே எழுதியதால், கொள்முதல் எப்படிப் பதிவாகிறது, சரக்கிருப்பு எங்கே தவறுகிறது, கணக்குப் பிரிவு யாரிடம் எதைக் கேட்டு அலைகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நடந்தது. இன்று நாம் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, ஒரு மணி நேர வீடியோ அழைப்பில் வாடிக்கையாளரின் தொழிலை அறிந்துவிட்டதாக நம்புகிறோம்.

நம் நாட்டுச் சான்று டாலி என்ற கணக்கு மென்பொருள். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்கும் வணிகம் நடத்திவந்தார். தன் கணக்கைச் சமாளிக்கப் பொருத்தமான மென்பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனம் பிறந்தது. அந்நாளைய கணக்கு மென்பொருள்கள் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண்குறியீடு கேட்டன. குறியீட்டுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பதிவு போட முடியும். டாலி அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டது. பேரேட்டில் கணக்காளர் என்ன பெயர் எழுதுவாரோ அதையே தட்டச்சு செய்யலாம். சிறிய மாற்றம்தான். ஆனால் தினமும் நூறு வவுச்சர் போடுகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இருந்திருக்க முடியாது.

அதன் பின் நடந்தது நமக்குத் தெரியும். ‘டாலி தெரிந்த கணக்காளர் தேவை’ என்று வரி விளம்பரம் வந்தது. சிறு நகரங்களில் பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் டாலி பயிற்சி வகுப்புகள் முளைத்தன. ஒரு மென்பொருளின் பெயர் வேலைக்கான தகுதியாக மாறியது. கணக்காளர் தன் பிழைப்போடு அதைச் சேர்த்துக்கொண்டதால், வேலை மாறிப் போகும்போது அடுத்த முதலாளியிடமும் அதையே கேட்டார். எந்த விற்பனைப் பிரிவாலும் செய்ய முடியாத வேலை இது. இன்னொன்றும் கவனியுங்கள். பல மாநிலங்களில் 2005 ஏப்ரலிலும் தமிழ்நாட்டில் 2007 ஜனவரியிலும் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. ஒவ்வொரு முறையும் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் கணக்காளருக்குப் புதிய படிவம் தேவைப்பட்டது. வீட்டுச் செயலியில் புது வசதி ஒரு மாதம் தாமதமானால் யாரும் சாக மாட்டார்கள். இங்கே தாமதமானால் வாடிக்கையாளர் அபராதம் கட்டுவார்.

இப்போது உங்களைத் திருப்பூருக்கு அழைத்துப் போகிறேன். அங்கே உள்ள பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவருக்கு உற்பத்தியைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படித்தபடி பார்த்தால் இது சரக்கிருப்பு மேலாண்மை. நான்கு அட்டவணை, ஆறு திரை, முடிந்தது. நேரில் போனால் வேறு உலகம்.

நூல் கிலோவில் வாங்கப்படுகிறது. நிட்டிங் ஆலைக்குப் போய்த் துணி ரோலாகத் திரும்புகிறது. அங்கிருந்து டையிங். சாயமேற்றும்போது எடை குறையும். எவ்வளவு குறையலாம் என்று இரு தரப்பும் பேசி வைத்திருப்பார்கள். பின்பு, துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங். அதன் பிறகு கட்டிங் மேசையில் அதுவரை கிலோவாக இருந்தது பீஸ் ஆகிவிடுகிறது. உங்கள் அட்டவணையில் ஒரு பொருளுக்கு ஓர் அலகுதான் என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே மென்பொருள் முறிந்துவிடும். பிறகு பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பல வெளியே ஜாப் வொர்க்குக்குப் போகும். ஒவ்வொரு நகர்வுக்கும் டெலிவரி சலான் உண்டு. போன சரக்கு ஒரே நாளில் ஒரே எடையில் திரும்பாது. இன்று நூறு கிலோ, நாளை மறுநாள் எழுபது கிலோ என்று பகுதி பகுதியாக வரும். ஒரே நிறம் என்றாலும் வெவ்வேறு லாட்டில், அதாவது வெவ்வேறு தடவையில், சாயமேற்றிய துணியைக் கலந்து தைத்தால் ஒரு சட்டையின் முன்பக்கம் ஒரு சாயலிலும் கை வேறு சாயலிலும் நிற்கும். ஆகவே லாட்டைப் பிரித்து வைத்தே தீர வேண்டும். இதற்கு மேல் சட்டம். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு. எது திரும்பியது, எது நிற்கிறது என்ற கணக்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இத்தனையும் ஒருவர் தலையில் இருக்கிறது. அவர்தான் ஸ்டோரில் இருப்பவர். வாசலில் டையிங் ஆலையின் வண்டி நிற்கிறது, ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார், எடை போட்டாக வேண்டும். உங்கள் திரை அவரிடம் ஆர்டர் எண், ஸ்டைல் எண், லாட் எண், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), வண்டி எண் என்று பதினைந்து கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. ஒன்று காலியாக இருந்தாலும் அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டேன் என்கிறது. அவர் என்ன செய்வார்? நோட்டில் எழுதிக்கொண்டு வண்டியை அனுப்புவார். மாலையில் உட்கார்ந்து பதிவார். இரண்டு வாரத்தில் அது சனிக்கிழமை வேலையாகும். அதற்குப் பிறகு ஆடிட்டர் கேட்கும்போது நடக்கும் வேலையாகும். முதலாளி தன் அறையில் இருந்து பார்க்கும் வண்ண வண்ண வரைபடங்கள் எல்லாம் பழைய எண்களில் நிற்கும். ஒருநாள் அவர் ஸ்டோருக்கு ஃபோன் செய்து நேரடியாகக் கேட்பார். அந்த ஃபோன் அழைப்போடு உங்கள் மென்பொருளின் கதை முடிந்தது. ஆண்டு முடிவில் புதுப்பிக்க மாட்டேன் என்று அவர் சொல்லும்போது விலை அதிகம் என்று காரணம் சொல்வார். அதை நம்பி நீங்கள் விலையைக் குறைப்பீர்கள். விலை காரணமே இல்லை. வண்டி நின்ற அந்த ஐந்து நிமிடம்தான் காரணம்.

என்ன செய்திருக்க வேண்டும்? எடையும் சலான் எண்ணும் போதும், மற்றதைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டிருக்கலாம். அனுப்பிய சலானைத் தொட்டாலே ஆர்டரும் லாட்டும் தானாக வந்து நிற்கும்படி செய்திருக்கலாம். இரண்டும் கடினமான நிரல் இல்லை. ஒரு வாரம் அந்த ஸ்டோரில் நின்றவருக்குத்தான் அது தோன்றும். தொழில் தொடங்க விரும்பும் மாணவர்களை நான் மனதாரக் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் ஒரு தொழிலுக்குள் போய் நில்லுங்கள். அது அரிசி ஆலையாக இருக்கலாம், மருத்துவமனையின் பில்லிங் கவுன்டராக இருக்கலாம், லாரி புக்கிங் அலுவலகமாக இருக்கலாம். அங்கே கணினி இருந்தும் எந்த வேலையை நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கையெழுத்திடுபவரை நான் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அவரிடம் போவதற்கும் ஒரு பாடம் உண்டு. சிறு நிறுவனம் என்றால் முதலாளி ஒருவரே முடிவெடுப்பார். பெரிய நிறுவனத்தில் பயன்படுத்தும் துறை விரும்ப வேண்டும், ஐடி துறை தடை சொல்லாமல் இருக்க வேண்டும், சட்டத் துறை ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும், பர்ச்சேஸ் துறை விலையைக் குறைக்க வேண்டும். தரவுப் பாதுகாப்பு குறித்து நீண்ட கேள்வித்தாள் வரும். அதற்கான ஐஎஸ்ஓ 27001 சான்று உண்டா என்பார்கள். முதல் சந்திப்பிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை உங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். இதற்காகவே தொடக்கத்தில் ஒரே கையெழுத்தில் முடியும் வாடிக்கையாளர்களிடம் போவது நல்லது என்பேன். பைலட் என்ற பெயரில் இலவசமாகப் போட்டுக் கொடுக்காதீர்கள். குறைந்த தொகையானாலும் வாங்குங்கள். எத்தனை நாள், எது நடந்தால் வெற்றி என்று எழுதிக்கொள்ளுங்கள். காசு கொடுக்காதவர் தன் ஆட்களை அதில் உட்கார வைக்க மாட்டார். உட்காராத மேசையிலிருந்து நீங்கள் எதையும் கற்க முடியாது.

இனிக் கொஞ்சம் கணக்கு. முன்பெல்லாம் நிறுவன மென்பொருளுக்கு உரிமத் தொகை மொத்தமாக முதலிலேயே வரும். பின் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். 1999இல் மார்க் பெனியாஃப் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், இணையம் வழியே சந்தாவுக்குத் தரும் முறையைப் பரவலாக்கியது. வாங்குபவருக்கு இது எளிது. விற்பவருக்கோ செலவு முன்னால், வரவு பின்னால். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 60,000 ரூபாய் செலவாகிறது, அவர் மாதம் 5,000 தருகிறார் என்று வையுங்கள். போட்ட பணம் திரும்பவே 12 மாதம். பத்தாம் மாதம் அவர் விலகினால், விற்றதாலேயே நஷ்டம்.

விலகுவோர் விகிதத்தையும் பாருங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று பேர் விலகுவது சிறிய எண்ணாகத் தெரியும். நூறு பேரில் ஆண்டு முடிவில் 69 பேர்தான் மிஞ்சுவார்கள். மாதம் நூற்றுக்கு ஒருவர் மட்டும் விலகினால் ஏறத்தாழ 89 பேர் இருப்பார்கள். முதல் நிறுவனம் இருந்த இடத்தில் நிற்கவே 31 புதியவர்களைப் பிடிக்க வேண்டும். இரண்டாவதற்கு 11 பேர் போதும். இந்த இருபது பேரின் வேறுபாட்டை விளம்பரத்தால் நிரப்ப முயன்று மூழ்கிய நிறுவனங்கள் உண்டு. அது ஸ்டோரிலும் கணக்குப் பிரிவிலும் நிரப்ப வேண்டிய பள்ளம்.

பணம் வந்து சேர்வது தனித் துயரம். இதைக் கல்லூரிகளில் சொல்லித் தருவதில்லை என்பதால் சொல்கிறேன். 10 லட்சம் ரூபாய்க்கு இன்வாய்ஸ் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி 1,80,000. மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்பவர் உள்ளீட்டு வரிப் பயனைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்பது கேள்வியே இல்லை. அவர் 90 நாள் கழித்து, வருமான வரிக்கான டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருவார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது; தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்குக் கூட்டுவட்டி உண்டு. உரிய காலத்தில் பணம் தராவிட்டால் அந்தச் செலவைப் பணம் தந்த ஆண்டின் வருமானத்தில்தான் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரியிலும் பிடி போட்டது. சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவை முதல் மாதமே செய்துகொள்ளுங்கள். பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள அஞ்சிச் சட்டத்தைப் பயன்படுத்தாமலேயே பலர் இருந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கேட்டு வாங்குவதே என் பரிந்துரை; கேட்டால் தருகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் அபாயத்தை ஜோஹோவின் வரலாறு காட்டுகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு நெட்வொர்க் மேலாண்மைக்கான மென்பொருள் விற்றார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி இணைய நிறுவனங்கள் சரிந்தபோது அந்த வாடிக்கையாளர்களும் சேர்ந்து சரிந்தார்கள். நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் அதே நெட்வொர்க் அறிவை வைத்துக்கொண்டு, சாதாரண நிறுவனங்களின் ஐடி பிரிவுகளுக்கு மேனேஜ்எஞ்சின் என்ற மென்பொருள் வரிசையைச் செய்தார்கள். 2005 முதல் ஜோஹோ என்ற பெயரில் இணைய மென்பொருள்கள் வந்தன. வெளியாரிடம் முதலீடு வாங்கவில்லை. வாங்காததால் அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை.

மேனேஜ்எஞ்சினில் உதவி மேசை (ஹெல்ப் டெஸ்க்) மென்பொருளோடு பழகியவர் கிரிஷ் மாத்ருபூதம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது உடைந்து வந்த தொலைக்காட்சிக்கு இழப்பீடு கேட்டு அலைந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அலைச்சலும் தூண்ட, 2010இல் ஷான் கிருஷ்ணசாமியுடன், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஆட்வெல் கல்லூரி. 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பட்டியலில் இடம்பெற்றது. பத்திரிகைகள் தொலைக்காட்சிக் கதையைத்தான் விரும்பி எழுதுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஆண்டுகள். புகார் சீட்டு எப்படி வருகிறது, பதில் சொல்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று ஊழியராக இருந்தே பல ஆண்டுகள் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். படிப்பு முடிந்த மறுநாளே தொழில் தொடங்க வேண்டும் என்று துடிக்கும் மாணவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழில் வளரத் தொடங்கியதும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, இதைச் சேர்த்துக் கொடுங்கள், அதை மாற்றிக் கொடுங்கள் என்பார். தொகையும் பெரிது. மூன்று பேருக்கு அப்படி இணங்கினால் உங்களிடம் மூன்று மென்பொருள்கள் இருக்கும். பராமரிக்க ஆள் இருக்காது. கேட்டதை அப்படியே செய்யாமல், அதை ஏன் கேட்கிறார் என்று அந்த மேசை வரை போய்ப் பார்த்தால், பலமுறை இருபது வாடிக்கையாளருக்கும் பயன்படும் பொது வசதி ஒன்று அங்கே கிடைக்கும். கிடைக்காவிட்டால் மரியாதையாக மறுத்துவிட வேண்டும். மறுப்பதற்கு வங்கியில் ஆறு மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு வந்த பின் இதெல்லாம் செல்லுமா என்று கேட்பீர்கள். நிரல் எழுதுவது வேகமாகவும் மலிவாகவும் ஆகிவருகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறையும் ஆட்டம் காணலாம். பத்துப் பேர் பதில் சொன்ன இடத்தில் மூன்று பேர் போதும் என்றால் மூன்று பேருக்குத்தான் சந்தா வரும். நிரல் எல்லோருக்கும் மலிவாகும்போது, லாட்டைக் கலந்தால் சாயல் மாறும் என்று அறிந்தவருக்கு மதிப்புக் கூடும் என்றே நான் நம்புகிறேன். அந்த அறிவு இன்னும் பெரும்பாலும் எழுத்தில் ஏறாமல் மனிதர்களிடம்தான் இருக்கிறது.

கடைசியாக ஒப்பந்தம் பற்றி ஒரு சொல். ஒரு நிறுவனம் தன் கணக்கையும் சரக்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் உங்களிடம் ஒப்படைக்கிறது. வாடிக்கையாளர் விலகிப் போக நினைத்தால் அந்தத் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில், கட்டணமின்றித் திருப்பித் தருவீர்கள் என்பதையும், உங்கள் கணினிகளிலிருந்து எப்போது அழிப்பீர்கள் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள். எழுதியதைச் சோதித்தும் பாருங்கள்: ஓராண்டுத் தரவை எக்செல் தாளில் இறக்கி, உங்கள் மென்பொருளை அறியாத ஒரு கணக்காளரிடம் கொடுங்கள். அதை மட்டும் வைத்து அவரால் இருப்பைச் சரிபார்க்க முடியாவிட்டால், அடுத்த புதிய வசதிக்கு முன் அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.